கவுன்சிலிங் பில்லுக்கு முதல்வர் காப்பீட்டில் பணம் வருமா?

தம்பியின் கவுன்சிலிங் பில்லை முதல்வர் காப்பீட்டு அட்டையில் கேட்டும் மறுத்துவிட்டார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வராதுங்க. உங்கள் தம்பி தனியார் மருத்துவமனையில் வாராவாரம் கவுன்சிலிங்குக்குக் கட்டிய பணத்தை அந்த அட்டையில் திரும்ப வாங்க முடியாது. அவர் அட்மிட் ஆகவில்லை, புறநோயாளியாக வந்து போகிறார். பெரும்பாலும் அதுதான் மறுத்ததற்குக் காரணம். ஆயுஷ்மான் பாரத்திலும் புறநோயாளிச் செலவு சேராது. படுக்கையில் சேர்ந்தால்தான் காப்பீடு என்பது மாறியே ஆக வேண்டும். பேசித் தேறக்கூடிய நிலையிலேயே உதவி கிடைத்தால் பலர் வார்டு வரை போகவே தேவையில்லை.

வேலை செய்யும் இடத்திலோ வீட்டிலோ வேறு பாலிசி இருந்தால், அதில் ஓ.பி. (புறநோயாளி) செலவு உண்டா என்று முதலில் பாருங்கள். இருந்தால் 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 21(4) பிரிவைக் காட்டி எழுத்தில் கேளுங்கள்: உடல்நோய்க்குத் தரும் காப்பீட்டை அதே அடிப்படையில் மனநோய்க்கும் தர வேண்டும். ஓ.பி.யே இல்லாத பாலிசிக்கு இந்தப் பிரிவு கைகொடுக்காது.

பணத்துக்காகப் பாதியில் மட்டும் நிறுத்திவிடாதீர்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இலவசமாகப் பார்ப்பார்கள். பழைய சீட்டுகளை எடுத்துப் போங்கள். அதுவரை அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.