தாத்தாவின் டபுள் பேரல் துப்பாக்கியை ரைஃபிள் ஆக்கலாமா?

கேள்வி: தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. தாத்தா வாங்கிய இங்கிலாந்து 12 போர் (குழல் அளவு) டபுள் பேரல் துப்பாக்கி இப்போது அப்பா லைசென்ஸில் உள்ளது. அப்பாவுக்கு 72 வயது. தெரிந்தவர் ஒருவர், "குழலுக்குள் வேறு குழல் இறக்கி இரட்டை ரைஃபிளாக மாற்றித் தருகிறேன், வெளியே தெரியாது" என்கிறார். செய்யலாமா?

பதில்: கூடாது. அந்த "வெளியே தெரியாது" என்ற வார்த்தையைக் கேட்டதுமே எழுந்து வந்திருக்க வேண்டும்.

12 போர் தோட்டா வெடிக்கும்போது குழலுக்குள் எழும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு அதிகபட்சம் 11,500 பவுண்டு அளவு. .30-06 ரைஃபிள் தோட்டாவுக்கு அது 60,000 வரை போகும். உள்ளே எவ்வளவு கெட்டியான குழலை வைத்தாலும், பின்பக்கம் உதையை வாங்குவது அதே பழைய பூட்டும் கீலும்தான். அது விட்டுப்போனால் உங்கள் முகத்துக்கு நேரேதான் விடும். இரண்டு குழலும் ஒரே இடத்தில் சுட வைப்பது தனி வித்தை. சுட்டுப் பார்த்து, குழல்களை இணைக்கும் பற்றுவைப்பை இளக்கி, மறுபடி சுட்டுச் சரிசெய்கிற வேலை. இரட்டை ரைஃபிளுக்கு அவ்வளவு விலை வந்ததே அதனால்தான். லேத் பட்டறை ஆளுக்கு இது தெரியாது.

சட்டம் இன்னும் கறார். உங்கள் லைசென்ஸ் புத்தகத்தில் டி.பி.பி.எல்., அதாவது பின்பக்கம் தோட்டா போடும் இரட்டைக் குழல் துப்பாக்கி என்றுதான் எழுதியிருக்கும். ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதை, 2019 திருத்தத்துக்குப் பிறகு ஆயுதச் சட்டம் 6ஆம் பிரிவு பெயர் சொல்லியே தடுக்கிறது. தண்டனை குறைந்தது 7 வருடம் சிறை, ஆயுள் வரையும் போகலாம். மாற்றித் தருகிறேன் என்கிற புரோக்கர் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். துப்பாக்கி உங்கள் வீட்டில் இருக்கும். அப்புறம் அவரே தகவல் கொடுப்பேன் என்று மிரட்டிக் காசு கேட்பதும் நடக்கிறது. "லைசென்ஸிலும் ரைஃபிள் என்று திருத்தித் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அவர் இரண்டாவது குற்றத்துக்கும் உங்களைக் கூட்டாக்குகிறார்.

நீங்கள் கவலைப்பட வேண்டியது அப்பாவின் வயதைப் பற்றி. உரிமையாளர் இறந்த பிறகுதான் துப்பாக்கியை வாரிசு பெயருக்கு மாற்ற முடியும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. 2016 ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்தாரருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, அந்தத் துப்பாக்கியை 25 வருடம் வைத்திருந்தாலோ, உயிரோடு இருக்கும்போதே ஒரு வாரிசை நியமிக்கலாம். இரண்டில் ஒன்று போதும். உங்கள் அப்பாவுக்கு வயதே போதும். அவர் கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போதே கலெக்டர் அலுவலகத்தில் மனுவைக் கொடுங்கள். தள்ளிப்போட்டு அவர் காலமாகிவிட்டால், துப்பாக்கியை உடனே ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள கடையிலோ ஒப்படைக்க வேண்டும். பிறகு அக்கா தங்கைகள் எல்லோரிடமும் ஆட்சேபனை இல்லை என்று எழுதி வாங்கி அலைய வேண்டும்.

உங்கள் மனு மீதான போலீஸ் அறிக்கைக்கு விதியில் 30 நாள்தான் கெடு. நடப்பில் ஃபைல் எந்த மேசையில் தூங்குகிறது என்று கண்டுபிடிக்கவே அதற்கு மேல் ஆகும். இந்த இழுத்தடிப்புதான் புரோக்கர்களை வாழவைக்கிறது. மனுவின் நகலில் தேதியோடு சீல் வாங்கி வையுங்கள். லைசென்ஸ் முடிகிற தேதியையும் பாருங்கள். பெயர் மாற்றம் முடியும்வரை புதுப்பிக்க வேண்டியது அப்பா பெயரில்தான்.