ஆதாரில் பெயரைப் பார்த்து அறை மறுத்தால்

ராமேஸ்வரம் லாட்ஜ்காரர் ஆதாரில் உங்கள் பெயரைப் பார்த்து, மதத்தைக் காரணம் காட்டி அறை மறுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மறுக்கக் கூடாது. ராமேஸ்வரத்தில் நீங்கள் முன்பணம் கட்டியது எல்லோருக்கும் அறை விடும் லாட்ஜ். மதத்தை மட்டும் காரணம் காட்டி கடை, ஹோட்டலில் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 15(2). தனியாருக்கும் இது பொருந்தும். ‘எங்கள் மத நம்பிக்கை’ என்று லாட்ஜ்காரர் காட்டும் 25-ஆம் பிரிவு, மற்ற அடிப்படை உரிமைகளுக்கு உட்பட்டதுதான்.

ஆடி அமாவாசை நெருக்கத்தில் நிஜமாகவே இடம் இல்லாமலும் இருக்கலாம். இப்போதே வேறு மதத்து நண்பர் ஒருவரை அதே தேதிக்கு அறை கேட்கச் சொல்லுங்கள். கிடைத்தால் காரணம் தெரிந்துவிடும். அப்புறம் மறுப்புக்கான காரணத்தை வாட்ஸ்அப்பில் எழுதிக் கேளுங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கீழக்கரையிலிருந்து போன என் தம்பிக்கும் இதே கதைதான். நீட்டிய சாவியை ஆதாரைப் பார்த்ததும் திரும்ப ஆணியில் மாட்டினார்கள். அவன் எதையும் எழுத்தில் கேட்கவில்லை, அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

பணம் திரும்ப வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. கலெக்டர் ஆபீஸ் திங்கள் குறைதீர் நாளிலும் மனு கொடுங்கள்.

ஒன்று மட்டும்: அது ஒரு சமூகத்தின் அறக்கட்டளைச் சத்திரம் என்றால் கணக்கு வேறு. 1955-ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் தண்டனையும் தீண்டாமைக்குத்தான், மதத்துக்காக மட்டும் மறுத்தால் அதில் வழக்கு நிற்காது.