அமெரிக்காவின் போயட் லாரியேட்: கேள்வி பதில்

கே: அக்கா, அமெரிக்க அரசவைக் கவிஞரை ஜனாதிபதிதானே நியமிக்கிறார்?

ப: இல்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் நூலகத் தலைமை நூலகர் நியமிக்கிறார். 1937இல் கவிதை ஆலோசகர் பதவியாகத் தொடங்கியது; 1985இல் வந்த சட்டம்தான் போயட் லாரியேட் பட்டத்தைச் சேர்த்தது. தயவுசெய்து ‘அரசவை’ என்று சொல்லாதீர்கள். அங்கே புகழ்ந்து பாட ஓர் அரசர் இல்லை.

கே: சம்பளம் வரிப்பணமா?

ப: இல்லை. ஆர்ச்சர் ஹன்டிங்டன் என்ற செல்வந்தர் 1936இல் கொடுத்த நன்கொடை.

கே: அப்படி என்னதான் வேலை?

ப: கட்டாயக் கடமைகள் குறைவு. பதவியை என்ன செய்வது என்பது கவிஞர் கையில். இந்தப் பதவியில் இருந்த பில்லி காலின்ஸ் உயர்நிலைப் பள்ளிகளுக்காக 180 கவிதைகளைத் தொகுத்தார். பள்ளி நடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்று. கேட்டால் போதும், பொழிப்புரையும் வேண்டாம், பரீட்சையும் வேண்டாம். கவிதையைக் கண்டு பயந்த பிள்ளைக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. பின்னாளில் இதே பதவியை வகித்த அடா லிமோன் எழுதிய கவிதை அவர் கையெழுத்திலேயே உலோகத் தகட்டில் பொறிக்கப்பட்டு, 2024 அக்டோபரில் யூரோப்பா கிளிப்பர் விண்கலத்தில் வியாழனின் நிலவை நோக்கிக் கிளம்பியது.

கே: பைடன் பதவியேற்பில் வாசித்த அமாண்டா கோர்மன்?

ப: அவர் இளையோருக்கான லாரியேட்டாக இருந்தவர். விழாக் கவிதை தனி அழைப்பு. 1961இல் கென்னடி விழாவில் வாசித்த ராபர்ட் ஃப்ராஸ்டும் அப்போது பதவியில் இல்லை. அவருக்கு 86 வயது. வெயில் கண்ணைக் கூச, கையிலிருந்த புதுக் கவிதையைப் படிக்க முடியவில்லை. துணை ஜனாதிபதியாகத் தேர்வான ஜான்சன் தன் தொப்பியால் நிழல் கொடுத்தும் பயனில்லை. தாளை விட்டுவிட்டு, மனப்பாடமாக இருந்த பழைய கவிதையைச் சொல்லி முடித்தார்.

கே: லிமோனை எந்த ஜனாதிபதி நியமித்தார்?

ப: முதல் பதிலைப் பாருங்கள்.

கே: அரசு நூலகத்துப் பதவி. அரசை எதிர்க்க முடியுமா?

ப: நியாயமான கேள்வி. 1952இல் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸை நியமித்தார்கள். கம்யூனிஸ்ட் அனுதாபி என்ற புகார் கிளம்பியது, உடம்பும் ஒத்துழைக்கவில்லை. கடைசிவரை அவர் பொறுப்பேற்கவே இல்லை. அந்தப் பதவிக்கு அது தீராத களங்கம்.

கே: அப்போ ஆள்பவர் பிடியில்தானே இருக்கிறது? ஒத்துக்கொள்ளுங்கள்.

ப: ஒத்துக்கொள்ள மாட்டேன். 2003இல் ஈராக் போரை எதிர்ப்பதாகக் காலின்ஸ் பதவியில் இருக்கும்போதே வெளிப்படையாகச் சொன்னார். 1952இல் நடந்தது பயந்தவர்கள் செய்தது.

கே: நாமக்கல் கவிஞர் வகித்ததும் இதே பதவியா?

ப: இல்லை, அது சென்னை மாகாண அரசு 1949இல் தந்தது. கண்ணதாசனுக்கு 1978இல் தமிழக அரசு தந்தது. அவற்றுக்குத்தான் அரசவைக் கவிஞர் என்று பெயர்.

கே: அமெரிக்காவில் இருக்கிறேன், கவிதை எழுதுவேன். வெள்ளை மாளிகைக்கு விண்ணப்பிக்கலாமா?

ப: விண்ணப்பமே கிடையாது. நூலகர்தான் தேர்ந்தெடுக்கிறார், தம்பி. நூலகர்.