வகுப்பறைக் கேள்வி பதில்

கேள்வி: பத்தாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். ஒரு மாணவி தன் ஆட்டைப் பற்றி, ‘கறுப்பி வந்தாள், என்னைப் பார்த்து அழுதாள்’ என்று எழுதியிருக்கிறாள். திருத்தினால் எழுதும் ஆசையே போய்விடுமோ என்று பயம். விட்டால் தேர்வில் என்ன ஆகும்?
– ஓர் ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

பதில்: அந்த வரியைத் தொடாதீர்கள், டீச்சர். பசுவைப் பார்த்து ‘என் அம்மை வந்தாள்’ என்பதைத் திணை வழுவமைதி, அதாவது அஃறிணையை உயர்திணையாகச் சொன்னாலும் காரணம் இருந்தால் பிழையில்லை என்று நீங்களேதான் நடத்துகிறீர்கள். உவப்பு, சிறப்பு, கோபம் போன்ற காரணங்களால் திணை மாறலாம் என்று இலக்கண நூலான நன்னூலே இடம் கொடுக்கிறது. உங்கள் மாணவி அதை மனப்பாடம் செய்யாமலே பயன்படுத்திவிட்டாள். வகுப்பில் அந்த வரியைக் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்துங்கள். அவளுக்கு எவ்வளவு பெருமையாக இருக்கும்!

ஆனால் இரண்டு சொற்களுக்கு நடுவே வரும் க், ச், த், ப் என்ற ஒற்றில் விட்டுக்கொடுக்காதீர்கள். ‘கீரை கடை’ என்றால் மத்தெடுத்துக் கடையச் சொல்வது. ‘கீரைக்கடை’ என்றால் போய் வாங்கும் இடம். இதற்குச் சிவப்பு மை வேண்டாம், சத்தமாக வாசிக்கச் சொன்னாலே பாதிப் பிழையைக் காது பிடித்துவிடும். மீதியை இரண்டாம் படியில் பென்சிலால் சுழித்துக் காட்டுங்கள். முதல் படி அவளுடையதாகவே இருக்கட்டும்.

அப்புறம் தேர்வு. விண்ணப்பக் கடிதத்துக்கு எழுத்துநடைதான் சரி, அதில் பேச்சு வேண்டாம். கதையில் பாட்டி பேசினால் தருமபுரிப் பாட்டியாகவே பேசட்டும்.