நின்ன வண்டி கிளம்பலையா? வட ஆற்காடு பக்கத்து கேள்வி பதில்

ரொம்ப நாள் ஓடாம நின்ன கார் கிளம்பலைன்னா ஊர் பேர் போட்டுக் கேளுங்க, ராத்திரி பத்து மணி வரைக்கும் பதில் சொல்றேன். ஒண்ணே ஒண்ணு: பல நாள் நின்ன வண்டியில சாவியைத் தொடறதுக்கு முன்னாடி பானெட்டைத் திறந்து பாருங்க. எலிக்கூடு, கடிச்ச ஒயர், ஏர் ஃபில்டர் டப்பாவுல தேங்காய் நார், எது வேணா இருக்கும். கூட்டோட செல்ஃப் (எஞ்சினைச் சுத்தி விடற மோட்டார்) அடிச்சா பெல்ட் அத்தனையையும் சுருட்டிக்கிட்டுப் போகும். இதை இன்னைக்குப் பத்து தடவையாவது சொல்லுவேன், கோவிச்சுக்காதீங்க.

எத்தனை நாள் நின்னுச்சு, பெட்ரோலா டீசலா, சாவி திருப்பினா என்ன சத்தம்னு மூணும் எழுதுங்க. வெறும் "ஸ்டார்ட் ஆகல"ன்னா நான் ஜோசியம்தான் பார்க்கணும்.

காட்பாடி: அண்ணே, ஒரு மாசம் நின்ன பெட்ரோல் வண்டி. சாவி திருப்பினா டக் டக் டக்னு சத்தம் மட்டும். செல்ஃப் மோட்டார் போச்சு, மாத்தணும்னு சொல்றாங்க. மாத்தலாமா?

பதில்: மாத்தாதீங்க. வரிசையா டக் டக்னு அடிச்சா செல்ஃபுக்கு கரண்ட் பத்தலைன்னு அர்த்தம். ஒரே ஒரு டக், அதோட அமைதின்னா அப்பதான் செல்ஃப், சோலனாய்டு (செல்ஃபுக்குக் கரண்ட் சேர்க்கற சுவிட்ச்), எர்த் ஒயர் (பேட்டரி மைனஸை வண்டி இரும்போட சேர்க்கறது) பக்கம் சந்தேகப்படணும்.

மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்ல வெச்சு பேட்டரியை அளங்க. 12.6 இருந்தா முழு சார்ஜ். 12.4 முக்கால். 12.2 பாதி. 12-க்குக் கீழன்னா காலின்னே வெச்சுக்கலாம். அடுத்து செல்ஃப் அடிக்கும்போது ஒருத்தர் மீட்டரைப் பார்க்கட்டும். 9.6-க்குக் கீழ விழுந்தா பேட்டரி டவுன் அல்லது பேட்டரிக்குள்ள ஒரு செல் போச்சு. 11-க்கு மேலயே நிக்குது, ஆனா செல்ஃப் சுத்தலைன்னா டெர்மினல், எர்த் கேபிளைப் பாருங்க. டெர்மினல்ல வெள்ளை, பச்சை மாவு பூத்திருந்தா 10-ம் நம்பர் ஸ்பேனர்ல மைனஸை முதல்ல கழட்டி, அப்புறம் பிளஸ். சுடுதண்ணியில ஆப்ப சோடா கரைச்சு ஊத்தி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, மாட்டும்போது பிளஸ் முதல்ல. மேல வாசலின்.

சார்ஜ் போடறவங்க மெதுவாப் போடுங்க. 35 ஏ.எச். (ஆம்பியர்-மணி, பேட்டரி பிடிக்கற சார்ஜ் அளவு) பேட்டரிக்கு 3.5 ஆம்பியர், பத்து மணி நேரம் கணக்கு. கடையில அவசரத்துக்கு ஒரு மணியில ஏத்தித் தந்தா மேலோட்டமாத்தான் ஏறும், ரெண்டு நாள்ல திரும்ப அதே டக் டக்.

பக்கத்து வண்டியில இருந்து ஜம்பர் ஒயர் போடறதா இருந்தா: சிவப்பு டவுன் ஆன பேட்டரி பிளஸ்ல, மறுமுனை நல்ல பேட்டரி பிளஸ்ல. கறுப்பு நல்ல பேட்டரி மைனஸ்ல, அதோட மறுமுனையை டவுன் வண்டியோட எஞ்சின் இரும்புல, பேட்டரியை விட்டுத் தள்ளி. கடைசி முனை மாட்டும்போது பொறி வரும். பேட்டரியில ஹைட்ரஜன் வாயு இருக்கும், அதனாலதான் தள்ளி. நல்ல வண்டியை அஞ்சு நிமிஷம் ஓட விட்டுட்டு அடிங்க. ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல செல்ஃப் அடிக்காதீங்க, நடுவுல ஒரு நிமிஷம் ஆற விடுங்க. கிளம்பின பிறகு டெர்மினல்ல 13.8-ல இருந்து 14.4 வரை வந்தா டைனமோ (ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தறது) நல்லா இருக்கு.

குடியாத்தம்: சார், நிறுத்தி வெச்சிருந்தப்ப இன்சூரன்ஸ் முடிஞ்சுபோச்சு. இப்ப எடுத்தா ஃபைன் வருமா?

பதில்: வண்டியைத் தெருவுல இறக்கறதுக்கு முன்னாடி புதுப்பிச்சுடுங்க. மத்தது ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ் ஏஜென்ட்கிட்டயும் கேளுங்க. நான் எஞ்சின் ஆளு.

மேல்விஷாரம்: அண்ணா, நான் சவுதியில வேலை. வண்டி எட்டு மாசமா வீட்டுல நிக்குது, அரை டேங்க் பெட்ரோல். அடுத்த வாரம் வர்றேன். புது பேட்டரி போட்டுட்டா நேரா எடுத்துடலாமா?

பதில்: பேட்டரி மட்டும் போதாது தம்பி. எட்டு மாசத்துல பெட்ரோல்ல இருக்கற லேசான பாகம் ஆவியாப் போயிருக்கும். சட்டுனு பத்திக்கறது அதுதான். மிச்சம் இருக்கறது கோந்து மாதிரி இன்ஜெக்டர் நுனியில படியும். இப்ப பங்க்ல வர்றது இ20, எத்தனால் கலந்தது. எத்தனால் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும். அளவு தாண்டினா தண்ணியும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிஞ்சு டேங்க் அடியில நிக்கும். பம்பு உறிஞ்சறதே அடியிலதான். அரை டேங்க்னா மேல அரை டேங்க் ஈரக்காத்து, அதனாலதான் நிறுத்தறவங்க டேங்க்கை நிரப்பி நிறுத்தணும்.

பழைய பெட்ரோலை இறக்கச் சொல்லுங்க. பத்து லிட்டர் புதுசு ஊத்துங்க. சாவியை ஆன் பண்ணி ரெண்டு விநாடி பம்பு "ஊம்"னு பாடுதான்னு கேளுங்க, ஆஃப் பண்ணி மூணு தடவை அப்படிச் செய்யுங்க, லைன்ல பிரஷர் ஏறும். பம்பு சத்தமே இல்லைன்னா ஃபியூஸ், ரிலே. பிறகு ஆக்ஸிலேட்டரைத் தொடாம செல்ஃப். அடிச்சு அடிச்சு பெட்ரோல் வாடை வந்துட்டா, ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிச்சுக்கிட்டே அடிங்க. பல இன்ஜெக்‌ஷன் வண்டியில அப்ப பெட்ரோல் கட் ஆகி உள்ள இருக்கறது காயும்.

கிளம்பினதும் டப்பெட் (வால்வைத் தட்டற பாகம்) சத்தம் சில விநாடி டிக் டிக்னு கேக்கும், ஆயில் மேல ஏறினதும் அடங்கிடும். ஆயில் லைட் அஞ்சு விநாடியில அணையலைன்னா உடனே ஆஃப். சைலன்ஸர்ல தண்ணி சொட்டறது, வெள்ளைப் புகை எல்லாம் முதல் கொஞ்ச நேரத்துக்குச் சகஜம். முதல்ல பானெட்டைத் திறந்து பார்க்கச் சொன்னேன் இல்ல? எட்டு மாசம்னா கட்டாயம்.

சத்துவாச்சாரி: வாரம் ஒரு தடவை அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி விட்டா போதும், இவ்வளவு வம்பு எதுக்கு? எங்க வீட்டுல அப்படித்தான் செய்யறோம்.

அரக்கோணம்: அது தப்பு. ஒவ்வொரு தடவை செல்ஃப் அடிக்கறதுலயே பேட்டரி சார்ஜ் மொத்தமும் போயிடும், அஞ்சு நிமிஷத்துல திரும்ப வராது.

பதில்: ரெண்டு பேரும் பாதி சரி. கணக்கு போட்டுடலாம்.

செல்ஃப் 150 ஆம்பியர் ரெண்டு விநாடி இழுக்குதுன்னு வெச்சுக்கங்க. 300 ஆம்பியர்-விநாடி, 3600-ஆல வகுத்தா 0.08 ஏ.எச். ஒண்ணுமே இல்ல. அரக்கோணத்துக்காரர் சொன்ன காரணம் தப்பு. ஆனா வண்டி சும்மா நிக்கும்போதே அலாரம், ரிமோட் லாக், வண்டியோட கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்து 30 மில்லி ஆம்பியர் தின்னும். 0.03 ஐ 24, 7 ஆல பெருக்கினா வாரத்துக்கு 5 ஏ.எச். அஞ்சு நிமிஷ ஐட்லிங்ல பேட்டரிக்கு 10 ஆம்பியர் போகுதுன்னு தாராளமா வெச்சாலும் திரும்பி வர்றது 0.8. வாரா வாரம் 4 ஏ.எச். கடன். 35 ஏ.எச். பேட்டரி அஞ்சு, ஆறு வாரத்துல ஸ்டார்ட் பண்ண முடியாத நிலைக்கு வந்துடும்.

சத்துவாச்சாரி: அப்ப அரை மணி நேரம் விட்டுட்டா கணக்கு சரியாயிடும் இல்ல?

பதில்: பேட்டரி கணக்கு கிட்டத்தட்ட சரியாகும். தண்ணி கணக்கு சரியாகாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி ஆவியா வெளிய வரும். வண்டி ஓடினா சைலன்ஸர் சூடாகி அதைத் துரத்திடும். நின்ன இடத்துலயே ஐட்லிங்ல விட்டா கடைசி டப்பா சூடாகாது; தண்ணி அங்கேயே தங்கி உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஆயிலும் சரியாச் சூடாகாது. ஆயில் மூடியைத் திறந்தா உள்பக்கம் மோர் மாதிரி வெளுப்பா ஒட்டியிருந்தா அதுதான் கதை. அப்புறம் மூடின ஷெட்டுக்குள்ள எஞ்சின் ஓட விடவே விடாதீங்க. கார்பன் மோனாக்ஸைடு வாடையே இல்லாம ஆளைக் கொல்லும்.

பத்து நாளைக்கு ஒரு தடவை 15 கிலோமீட்டர் ஓட்டுங்க, பாதி தூரம் பைபாஸ்ல. ஏசி பத்து நிமிஷம் ஓடட்டும், கம்ப்ரஸர் சீலுக்கு ஆயில் போகணும்.

அரக்கோணம்: மைனஸைக் கழட்டி வெச்சா இந்தச் சண்டையே இல்லையே?

பதில்: அதுதான் சரி, ஒரு மாசத்துக்கு மேல நிக்கும்னா. அந்த 5 ஏ.எச். நின்னுடும். கடிகாரம், ரேடியோ செட்டிங் போகும், சில ரேடியோ கோட் கேக்கும். ஐட்லிங் ரெண்டு நாள் தடுமாறிச் சரியாகும். பேட்டரி தானா இறங்கறது மட்டும் நிக்காது. கத்திரி வெயில்ல தகர ஷெட்டுக்குள்ள அது இன்னும் வேகமா நடக்கும். ஓடற வண்டியில மைனஸைக் கழட்டி டைனமோவைச் சோதிக்கறேன்னு யாராவது வந்தா ஸ்பேனரைப் பிடுங்கிக்கங்க. வோல்டேஜ் எகிறி கம்ப்யூட்டர் போயிடும்.

வேலப்பாடி: மூணு நாள் நின்னாலே பேட்டரி காலி. புது பேட்டரிதான் சார்.

பதில்: எங்கயோ கரண்ட் ஒழுகுது. மீட்டரை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாத்தி, மைனஸ் கேபிளைக் கழட்டி, கேபிளுக்கும் டெர்மினலுக்கும் நடுவுல மீட்டர். கதவு மூடி லாக் பண்ணி அரை மணி காத்திருங்க, கம்ப்யூட்டர் தூங்கணும். 50 மில்லி ஆம்பியருக்குள்ள இருந்தா சரி. 0.3 காட்டினா நாளைக்கு 7 ஏ.எச். போகுது, மூணு நாள் கதை இதுதான். ஃபியூஸ் ஒவ்வொண்ணா உருவுங்க, எதுல விழுதோ அந்த லைன். வெளிக்கடையில வாங்கி மாட்டின ஸ்டீரியோ, டாஷ் கேமரா, டிராக்கர், டிக்கி லைட் இதுங்களை முதல்ல பாருங்க. மீட்டர் மாட்டியிருக்கும்போது செல்ஃப் அடிச்சா மீட்டர் ஃபியூஸ் போயிடும்.

ராணிப்பேட்டை: கூலன்ட் குறைஞ்சிருக்கு. போர் தண்ணி ஊத்திக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. பாலாத்துப் பக்கம் போர் தண்ணியோட உப்பு என்னன்னு தோல் ஷெட் ஊருக்காரங்களுக்கு நான் சொல்லணுமா? ரேடியேட்டர்ல சுண்ணாம்பு படியும், அலுமினியம் அரிக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி. எஞ்சின் ஆறின பிறகுதான் மூடியைத் திறக்கணும். நின்னதுல குறைஞ்சிருந்தா வாட்டர் பம்பு அடியில ஈரம் பாருங்க, சீல் காஞ்சு ஒழுகும். பேட்டரிக்கும் போர் தண்ணி கூடாது, டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான்.

ஆம்பூர்: எலி வராம இருக்க புகையிலை கட்டலாமா?

பதில்: வாடை நாலு நாள்தான். அரிசி மூட்டை, மாட்டுத் தீவனம் பக்கத்துல நிறுத்தாதீங்க, ஏர் இன்டேக் வாயில கம்பி வலை போடுங்க. கடிச்ச ஒயரை டேப் சுத்தி ஓட்டாதீங்க, சால்டர் பண்ணி ஸ்லீவ் போடணும்.

ஆற்காடு: ரெண்டு மாசம் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்திட்டேன். ஸ்டார்ட் ஆகுது, நகர மாட்டேங்குது.

பதில்: பின் வீல் பிரேக் டிரம்முல பிரேக் ஷூ (உரசி வீலை நிறுத்தற பாகம்) ஒட்டியிருக்கு. ஆக்ஸிலேட்டர் கொடுத்து இழுக்காதீங்க, லைனிங் பிஞ்சு வரும். ஹேண்ட் பிரேக்கை இறக்கி, முன்னும் பின்னும் லேசா ஆட்டுங்க. வரலைன்னா வீலைக் கழட்டி டிரம் மேல சுத்தியால சுத்தித் தட்டுங்க. இனிமே கியர்ல நிறுத்தி வீலுக்குக் கல் வைங்க.

சோளிங்கர்: டக் டக்னு சத்தம் மட்டும் வருது, ஸ்டார்ட் ஆகல.

பதில்: காட்பாடிக்குச் சொன்னது.

திருப்பத்தூர்: ஐயா, அப்பாவோட கார்புரேட்டர் மாருதி 800, நாலு வருஷமா கொட்டகையில. திரும்ப ஓட வைக்கணும்.

பதில்: நல்ல கேள்வி, இதுக்குத்தான் உக்காந்திருக்கேன். முதல் நாள் செல்ஃப் அடிக்கவே வேணாம். மூணு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு ராத்திரி முழுக்க ஊற விடுங்க. சிலிண்டர் சுவர்ல துரு இருந்தா பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கும். உலர்ந்தபடி சுத்தினா கோடு விழும்.

மறுநாள் பிளக் இல்லாமலே நாலாவது கியர் போட்டு வண்டியை மெதுவாத் தள்ளுங்க. எஞ்சின் வழுக்கிட்டுச் சுத்தணும். இறுகினா நிறுத்தி இன்னும் ஆயில் விட்டு இன்னொரு நாள். சுத்தினா எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர் மாத்துங்க. டேங்க்கைக் காலி பண்ணி, பெட்ரோல் ஃபில்டர் மாத்தி, கார்புரேட்டரைப் பிரிச்சு ஜெட் (பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டை), ஃப்ளோட் நீடில் (பெட்ரோலைத் திறந்து மூடற ஊசி) சுத்தம் பண்ணுங்க. நீடில் ஒட்டியிருந்தா பெட்ரோல் வராது, இல்ல வழிஞ்சு கொட்டும். ரப்பர் பெட்ரோல் ஓஸ் எல்லாத்தையும் புதுசு போடுங்க. பழைய ரப்பருக்கு இ20 ஆகாது, வெடிச்சு ஒழுகினா சூடான எஞ்சின் மேல பெட்ரோல்.

காயில் ஒயரைக் கழட்டி, பிளக் இல்லாம, 10 விநாடி 10 விநாடியா செல்ஃப் அடிங்க, ஆயில் லைட் அணையற வரைக்கும். பிளக் துவாரத்துல இருந்து ஆயில் பீச்சும், முகத்தைத் தள்ளி வைங்க. அப்புறம் பிளக், காயில் மாட்டி, சோக் இழுத்து ஸ்டார்ட். நீலப் புகை கொஞ்ச நேரம் வரும், ஊத்தின ஆயில்தான்.

ஓட ஆரம்பிச்சதும் உடனே ஜோலார்பேட்டைக்குக் கிளம்பிடாதீங்க. டைமிங் பெல்ட் ரப்பர், நிறுத்தினாலும் வயசாகும், மாத்துங்க. பிரேக் ஆயிலும் ஈரம் குடிச்சிருக்கும், மொத்தமா மாத்துங்க. டயர்ல வெடிப்பு இருந்தா அதுவும்.

வாலாஜா: டீசல் வண்டி, நாலு மாசம். செல்ஃப் நல்லா சுத்துது, எஞ்சின் பத்திக்க மாட்டேங்குது.

பதில்: டீசல் ஃபில்டர் அடி திருகைத் திறந்து கண்ணாடி டம்ளர்ல பிடிங்க. தண்ணி அடியில தனியா நிக்கும். வடிஞ்சதும் கை பம்பு கெட்டியாகற வரைக்கும் அமுக்கி ஏர் எடுங்க. கறுப்பா சளி மாதிரி வந்தா டேங்க் கழுவணும், டீசல்ல பூஞ்சை பிடிச்சிருக்கு.

பேரணாம்பட்டு: ஆட்டோமேட்டிக் வண்டி, தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?

பதில்: முடியாது. ஜம்பர்.

விரிஞ்சிபுரம்: 2021-ல பாலாத்து வெள்ளத்துல நனைஞ்ச வண்டி, அப்படியே நிக்குது. பேட்டரி போட்டுப் பார்க்கலாமா?

பதில்: போடாதீங்க. சிலிண்டருக்குள்ள தண்ணி போயிருந்தா துரு பிடிச்சிருக்கும், ஒயரிங் சாக்கெட் எல்லாம் பச்சை பூத்திருக்கும். கரண்ட் கொடுத்தா ஷார்ட் ஆகும். டோ பண்ணி ஷெட்டுக்கு எடுத்துட்டுப் போய் முதல்ல பிரிச்சுப் பாருங்க, செலவுக் கணக்கு அப்புறம்.

சத்துவாச்சாரி: கடைசியா ஒண்ணு. பத்து நிமிஷம் ஐட்லிங் விட்டா?

பதில்: பானெட்டைத் திறந்து பார்த்தீங்களா?