மன்னார் வளைகுடாவுக்குக் கிளம்பும் குமரிக்காரர்களுக்கு: கேள்வி பதில்

நாகர்கோவில்: அண்ணாச்சி, மன்னார் வளைகுடாப் பூங்கா கன்னியாகுமரி வரை உண்டாமே? அப்போ ராமேஸ்வரம் வரை எதுக்குப் போகணும்?

இரண்டு வேறு விஷயங்கள் இவை. குமரி வரை நீள்வது 1989இல் அறிவித்த உயிர்க்கோளக் காப்பகம், அதாவது இயற்கையும் மக்களும் சேர்ந்திருக்கும் பெரிய பாதுகாப்புப் பரப்பு, சுமார் 10,500 சதுர கிலோமீட்டர். அதற்குள் இருப்பதுதான் 1986இல் வந்த கடல்சார் தேசியப் பூங்கா. அது தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையில் உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும். அதில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டும் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்தால் அலையைத் தடுக்க அங்கே என்ன இருக்கும்? பவளப்பாறை பார்க்க வேண்டுமென்றால் அந்தப் பக்கம்தான் போக வேண்டும்.

தக்கலை: வள்ளம் பிடித்துத் தீவில் இறங்கி, பிள்ளைகளைக் குளிக்க வைக்கலாமா?

கூடாது. வனத்துறை அனுமதி இல்லாமல் தீவில் கால் வைத்தால் வழக்குதான். பாம்பன் குந்துகாலிலும் ஏர்வாடி அருகே பிச்சைமூப்பன்வலசையிலும் அடியில் கண்ணாடி பதித்த படகுகள் உண்டு. அதில் போய்ப் பாருங்கள். கிளம்பும் முன் படகு ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். காற்று அடித்தால் நிறுத்திவிடுவார்கள்.

மார்த்தாண்டம்: மே லீவுக்குப் போகிறோம். சரிதானே?

பிள்ளைகளுக்கு மே மாதம்தான் லீவு என்று கடலுக்குத் தெரியாதே. தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால் அடிமண் கலங்கி, கண்ணாடி வழியே வெறும் கலங்கல்தான் தெரியும். போதாக்குறைக்கு, கோடையில் தண்ணீர் சூடேறினால் பவளம் வெளுத்துவிடும். 2010இலும் 2016இலும் பெரிய அளவில் வெளுத்தது. பொங்கல் லீவுக்குப் போங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். காலைப் படகே மேல்.

குளச்சல்: ஆவுளியாவைப் பார்க்க முடியுமா?

அதிர்ஷ்டம் இருந்தால் உண்டு, நம்பிப் போகாதீர்கள். ஆவுளியா என்ற கடற்பசு கூச்ச சுபாவி. மூச்சு வாங்க மேலே வந்து உடனே மூழ்கிவிடும். காட்டித் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் ஏமாறாதீர்கள். அது மேயும் கடற்புல்லைக் கண்ணாடி வழியே நன்றாகப் பார்க்கலாம். எனக்கு அதுவே போதும். 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை கடற்பசுவுக்கென்றே காப்பகமாக அறிவித்தார்கள்.

திங்கள்சந்தை: கரையில் கிடக்கும் பவளத் துண்டை எடுத்து வரலாமா?

வேண்டாம். செத்த பவளமும் வன உயிரினச் சட்டத்துக்குள்தான் வரும்.

சுசீந்திரம்: அம்மாவுக்கு முழங்கால் வலி, அவ்வளவு தூரம் முடியாது. பக்கத்தில் என்ன இருக்கிறது?

உங்கள் ஊரிலேயே இருக்கிறதே! சுசீந்திரம்–தேரூர் குளங்கள் 2022இல் ராம்சர் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. கார் கதவைத் திறந்து உட்கார்ந்தபடியே கூழைக்கடாவையும் நாரையையும் அம்மா பார்க்கலாம். அங்கிருந்து மணக்குடிக்குப் போங்கள். பழையாறு கடலில் சேரும் காயல், அலையாத்தி மரங்கள், பக்கத்தில் உப்பளம். குளிர்காலத்தில் பூநாரை வந்து இறங்கும். உப்பளத்துக்குள் மட்டும் கேட்காமல் நுழையாதீர்கள், பாத்தி உடைந்தால் அவர்கள் பிழைப்பு கெடும்.

ராஜாக்கமங்கலம்: இரவில் ஆமை கரையேறினால் என்ன செய்ய?

பங்குனி ஆமையாக இருக்கும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை முட்டையிட வரும். டார்ச்சும் செல்போன் வெளிச்சமும் அடிக்காமல், நாயை விரட்டிவிட்டுத் தள்ளி நில்லுங்கள். மண்ணை மூடிவிட்டுத் தானே திரும்பிப் போகும். தூக்கிக் கடலில் விட வேண்டாம். அப்புறம் வனத்துறைக்குச் சொல்லுங்கள், முட்டையைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவார்கள்.