‘ஓல்ட் மேன் ரிவர்’: ஒரு மேடைப் பாடலின் வரலாறு – கேள்வி பதில்

கேள்வி: இது அமெரிக்கக் கறுப்பின மக்கள் வழிவழியாகப் பாடிவந்த நாட்டுப்பாடல் என்கிறார்களே, உண்மையா?

பதில்: இல்லை. எட்னா ஃபெர்பர் 1926-இல் வெளியிட்ட நாவலைத் தழுவிய ‘ஷோ போட்’ என்னும் இசை நாடகத்துக்காக ஜெரோம் கெர்ன் இசையமைக்க, ஆஸ்கர் ஹாமர்ஸ்டைன் வரிகளை எழுதினார், இருவரும் வெள்ளையர்கள். 1927 டிசம்பர் 27 அன்று நியூயார்க்கின் சீக்ஃபெல்ட் அரங்கில் நாடகம் தொடங்கியபோது, மிசிசிப்பி ஆற்றுத் துறையில் மூட்டை சுமக்கும் ஜோ என்ற பாத்திரம் இதைப் பாடியது. பழம்பாடலோ என்று கேட்பவரை மயங்கவைத்ததே கெர்னின் திறமை என்பேன்.

கேள்வி: அந்த மயக்கம் எதனால் வருகிறது?

பதில்: மெட்டின் பெரும்பகுதி ஐந்தே சுரங்களில், நம் மோகன ராகத்தின் சுரங்களில், நடக்கிறது. நாடகத்தில் வரும், ஊர் ஊராக ஆற்றில் சென்று நாடகம் நடத்தும் கப்பலின் பெயர் ‘காட்டன் பிளாசம்’. அப்பெயரைத் தொடக்கத்தில் குழுவினர் உற்சாகமாகப் பாடும் நான்கு சுரங்களைப் பின்னிருந்து முன்னாகப் போட்டு, வேகத்தைக் குறைத்தால், ஜோவின் பாடலுடைய முதல் நான்கு சுரங்கள் கிடைத்துவிடும். கப்பலின் கொண்டாட்டமும் கரையின் களைப்பும் ஒரே இழையில் நெய்யப்பட்டவை.

கேள்வி: முதலில் பாடியவர் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ராப்சன்தானே?

பதில்: அவரை மனத்தில் வைத்தே பாத்திரம் உருவானது, ஆனால் தயாரிப்பு தாமதமானதால், முதல் மேடையில் பாடியவர் ஜூல்ஸ் பிளெட்சோ. ராப்சன் 1928-இல் லண்டனிலும், 1932-இல் நியூயார்க் மறுமேடையேற்றத்திலும், 1936-ஆம் ஆண்டுத் திரைப்படத்திலும் பாடினார்.

கேள்வி: அவர் வரிகளை மாற்றியதாகச் சொல்கிறார்களே, என்ன மாற்றினார்?

பதில்: இப்பாடலின் வரலாற்றில் முதன்மையான செய்தி என் கணிப்பில் இதுதான். மூல வரிகளில் ஜோ, வாழ்ந்து சலித்துவிட்டது, சாகவும் அச்சமாக இருக்கிறது என்று சோர்ந்துபோகிறான். 1930-களின் பிற்பகுதியிலிருந்து தம் கச்சேரிகளில் ராப்சன் அதே மெட்டில், அழுவதற்குப் பதிலாகச் சிரிக்கிறேன், சாகும்வரை போராடியாக வேண்டும் என்று பாடலானார். கொஞ்சம் குடித்தால் சிறை என்றிருந்த வரியும், கொஞ்சம் துணிச்சல் காட்டினால் சிறை என்றாயிற்று. கெர்னின் மெட்டில் ஒரு சுரம்கூட மாறவில்லை. எனினும், கடைசி அடிகளில் குரல் உச்சத்துக்கு ஏறும்போது, முன்பு புலம்பலாக ஒலித்தது சூளுரையாக ஒலித்தது. அமெரிக்க அரசு அவருடைய அரசியல் கருத்துகளுக்காக 1950-இல் அவருடைய கடவுச்சீட்டைப் பறித்து 1958 வரை திருப்பித் தராமலிருந்ததை நினைத்தால், ‘துணிச்சல்’ வரி அவருடைய வாழ்க்கைக் குறிப்பாகவே படுகிறது.

கேள்வி: பழைய பதிவுகளில் வசைச்சொல் ஒன்று வருகிறதாமே?

பதில்: ஆம். 1927-இல் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் கொடிய சொல் இருந்தது. 1936 திரைப்படத்தில் சற்று மிதமான வேறு சொல்லும், 1946 மறுமேடையேற்றத்தில் இன்னும் நாகரிகமான சொல்லும் அதனிடத்தில் வந்தன.

கேள்வி: அசாமியப் பாடகர் பூபேன் ஹசாரிகாவின் கங்கைப் பாடலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் ராப்சனோடு பழகிய ஹசாரிகா, இப்பாடலின் தூண்டுதலால் அசாமிய மொழியில் ஒன்றை ஆக்கினார். பின்னர் அதுவே இந்தியிலும் வங்காளத்திலும் கங்கையைப் பற்றிய பாடலாயிற்று. மிசிசிப்பியை ஜோ ‘கிழவன்’ என்பதுபோல, மூலத்தில் அவர் பிரம்மபுத்திராவைக் ‘கிழ லூயித்’ என்று விளிக்கிறார். ஜோவின் ஆறு எதையும் பொருட்படுத்தாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஹசாரிகாவோ, இரு கரை மக்களின் ஓலத்தைக் கேட்டும் ஏன் வாய்மூடி ஓடுகிறாய் என்று ஆற்றையே கேட்கிறார்.